கைக்கு வரும் சம்பளமும் கைக்கு வராத ஹக்கும்



நம் வீட்டுப் பிள்ளை வேலைக்குச் சேர்ந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "கைக்கு எவ்வளவு வருது?" என்பதுதான். நிக்காஹ் பேச்சின்போது மாப்பிள்ளை வீட்டாரிடமும் இதையே கேட்கிறோம். பி.எஃப். பிடிக்கிறார்களா, இ.எஸ்.ஐ. இருக்கிறதா, பணி நியமனக் கடிதம் கொடுத்தார்களா என்று கேட்பவர்கள் குறைவு. சிலர் "பிடித்தம் எதுவும் வேண்டாம், முழுப் பணமாகவே கொடுத்துவிடுங்கள்" என்று முதலாளியிடம் சொல்லி வாங்கிக்கொள்கிறார்கள். தன் பங்கும் மிச்சம் என்பதால் முதலாளியும் மறுப்பதில்லை. இழந்தது என்ன என்பது நோய் வரும்போதோ, விபத்து நடக்கும்போதோ, குடும்பத் தலைவர் மவுத்தாகும்போதோதான் தெரியவருகிறது.

ஆகவே ஊதியம் என்பதில் என்னென்ன அடங்கும், சட்டம் எதையெல்லாம் நமக்கு உரிமையாக்கியிருக்கிறது, அதில் மார்க்கம் சம்பந்தப்பட்ட கேள்விகள் எவை என்பதை வானூர், மரக்காணம் வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரையில் பார்ப்போம். மற்ற ஊர்களில் உள்ள நம் குடும்பங்களுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும்.

மார்க்கம் கூலியை எப்படிப் பார்க்கிறது?

தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்ட செய்தி இப்னு மாஜாவில் இருப்பதை நாம் அனைவரும் அறிவோம். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற எச்சரிக்கை புகாரியில் பதிவாகியிருக்கிறது. மூஸா (அலை) அவர்கள் மத்யனில் வேலைக்கு அமர்ந்தபோது எத்தனை ஆண்டு, என்ன பிரதிபலன் என்பது முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டதை சூரா அல்கஸஸ் சொல்கிறது. கூலியும் வேலையும் இரு தரப்புக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் நிபந்தனை விதிக்கின்றன.

குகையில் சிக்கிய மூவரின் சம்பவத்தையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். அவர்களில் ஒருவரிடம் வேலை செய்த கூலியாள், தன் கூலியை வாங்காமலேயே போய்விட்டார். முதலாளி அந்தக் கூலியைப் பெருக்கி வைத்தார். நீண்ட காலம் கழித்து கூலியாள் திரும்பி வந்தபோது, அதிலிருந்து பெருகிய கால்நடைகள் எல்லாவற்றையும் அவரிடமே ஒப்படைத்தார். கைக்கு இன்னும் போய்ச் சேராத கூலியும் தொழிலாளியின் சொத்துதான், அது முதலாளியிடம் இருக்கும் அமானத் என்பதை இது உணர்த்துகிறது. பி.எஃப்., பணிக்கொடை, இ.எஸ்.ஐ. ஆகியவற்றையும் இந்தக் கண்ணோட்டத்தில்தான் பார்க்க வேண்டும். இவை முதலாளி தரும் சலுகைகள் அல்ல. உழைப்புக்கான பிரதிபலனில் பிற்காலத்துக்காக ஒதுக்கிவைக்கப்பட்ட பகுதிகள்.

நம் வட்டாரத்தின் வேலைகள்

வானூர் வட்டத்தில் கோட்டக்குப்பம் போன்ற ஊர்களிலிருந்து தினமும் எல்லை தாண்டி புதுச்சேரிக் கடைகளுக்கும் சேதராப்பட்டு தொழிற்பேட்டைக்கும் வேலைக்குச் செல்வோர் ஏராளம். திருவக்கரைப் பக்கம் கல்குவாரிகளும் கிரஷர்களும் உள்ளன. கிழக்கே மரக்காணத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. உப்பளத்தில் மழைக்காலம் முழுவதும் வேலை இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

ஒரே தெருவில் வசிக்கும் மூவரில் ஒருவருக்கு மாதச் சம்பளச் சீட்டு வரலாம், இன்னொருவருக்குக் கையில் பணம் மட்டும் வரலாம், மூன்றாமவருக்கு ஆண்டில் சில மாதம் எதுவுமே வராமல் போகலாம். மூவருக்கும் உரிமைகள் உண்டு. அவற்றைப் பெறும் வழிகள்தான் வேறு.

எல்லை தாண்டி வேலைக்குப் போவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் குடியிருக்கும் ஊரின் சட்டம் அல்ல, வேலை செய்யும் இடத்தின் சட்டமே பொருந்தும். புதுச்சேரிக் கடையில் வேலை செய்பவருக்குக் குறைந்தபட்ச ஊதியத்தைப் புதுச்சேரி அரசு நிர்ணயிக்கிறது. புகாரையும் அங்குள்ள தொழிலாளர் துறையிடமே கொடுக்க வேண்டும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் மத்திய அரசின் திட்டங்கள் என்பதால் எல்லையின் இருபுறமும் ஒன்றுதான்.

சம்பளச் சீட்டைப் படிப்பது எப்படி?

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவருக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 14,000 ரூபாய், வேறு படிகள் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

அவர் சம்பளத்திலிருந்து பிடிப்பது:
பி.எஃப். 12 சதவீதம் – 1,680 ரூபாய்
இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் – 105 ரூபாய்
கைக்கு வருவது – 12,215 ரூபாய்

முதலாளி தன் பணத்திலிருந்து சேர்த்துக் கட்டுவது:
பி.எஃப்., பென்ஷன் இரண்டுக்குமாக 12 சதவீதம் – 1,680 ரூபாய்
இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம் – 455 ரூபாய்

கைக்கு 12,215 ரூபாய்தான் வருகிறது என்றாலும் அந்த மாதத்துக்கான உண்மையான ஊதியம் 16,135 ரூபாய். "பிடித்தம் வேண்டாம்" என்று சொல்லி 14,000 ரூபாயை முழுதாக வாங்குபவர், 1,785 ரூபாயைக் கூடுதலாகப் பெறுவதற்காக முதலாளி தர வேண்டிய 2,135 ரூபாயை மாதாமாதம் விட்டுக்கொடுக்கிறார். மருத்துவம், பென்ஷன், காப்பீடு ஆகியவையும் அதோடு சேர்ந்து போகின்றன.

படிகளை அதிகமாகவும் அடிப்படைச் சம்பளத்தைக் குறைவாகவும் காட்டி பி.எஃப். தொகையைக் குறைப்பது பழைய வழக்கம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இதற்கு ஒரு வரம்பு விதிக்கின்றன. வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்றவை மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியமாகவே கணக்கில் எடுக்கப்படும். தொழிலாளர்கள் அனைவருக்கும் பணி நியமனக் கடிதம் தர வேண்டும், மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் தர வேண்டும், வேலையை விட்டு விலகினால் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும், மிகை நேர வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் தர வேண்டும் என்பனவும் அத்தொகுப்புகளில் உள்ளன.

இ.எஸ்.ஐ. – உடலுக்கான பாதுகாப்பு

பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்களில், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளிக்கு மட்டுமின்றி மனைவி, பிள்ளைகள், அவரைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் மருத்துவம் கிடைக்கும். வானூர்ப் பகுதியினருக்கு அருகில் புதுச்சேரி கோரிமேட்டில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது.

இலவச மருத்துவம் என்ற அளவில் மட்டுமே பலர் இதை அறிந்திருக்கிறார்கள். பணமாகக் கிடைக்கும் உதவிகளும் உண்டு. நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு ஆண்டில் 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். காசநோய், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு இது இரண்டு ஆண்டுகள் வரை 80 சதவீதமாக நீள்கிறது. வேலையில் விபத்து ஏற்பட்டு வேலைக்குப் போக முடியாவிட்டால் ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். இதற்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் உரிமை உண்டு. விபத்தில் இறந்துவிட்டால் அவரைச் சார்ந்த குடும்பத்துக்கு மாதந்தோறும் உதவித்தொகை வரும். பெண் தொழிலாளர்களுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், அடுத்த குழந்தைக்கு 12 வாரம் பேறுகால ஊதியம் கிடைக்கும்.

பி.எஃப். – சேமிப்பு, பென்ஷன், காப்பீடு

இருபது அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்களில் பி.எஃப். கட்டாயம். புதிதாகச் சேருவோரில் 15,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் கண்டிப்பாகச் சேர்க்கப்பட வேண்டும். முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்கும், மீதி 3.67 சதவீதம் சேமிப்புக்கும் போகிறது. இவற்றோடு முதலாளி தனியாகச் செலுத்தும் சிறு தொகையில் ஆயுள் காப்பீடும் உண்டு. பணியில் இருக்கும்போது தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

பத்து ஆண்டுகள் பென்ஷன் கணக்கில் பங்களித்தவருக்கு 58 வயதில் மாதாந்திர பென்ஷன் தொடங்கும். வேலை மாறும்போதெல்லாம் பி.எஃப். பணத்தை எடுத்துவிடும் நம் பிள்ளைகள் இந்தப் பத்தாண்டுக் கணக்கைத் தாமே அறுத்துக்கொள்கிறார்கள். ஒரே யூ.ஏ.என். எண்ணில் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வதே நல்லது.

பணியில் இருக்கும்போது இறந்தவரின் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் பென்ஷன் கிடைக்க இந்தப் பத்தாண்டு நிபந்தனை இல்லை. ஒரு மாதம் பங்களித்திருந்தாலே போதும். பிள்ளைகளுக்கு 25 வயது வரை கிடைக்கும். இத்தா முடிந்து வருமானத்துக்கு வழி தெரியாமல் நிற்கும் சகோதரிகளில் எத்தனை பேருக்கு இந்த உரிமை இருக்கிறது என்பது யாரும் விசாரிக்காமலேயே போய்விடுகிறது. மய்யித் வீட்டுக்கு உதவச் செல்லும் ஜமாஅத்தார் இதையும் ஒரு கேள்வியாகக் கேட்க வேண்டும்.

பி.எஃப். வட்டி கூடுமா? நாமினி யார்?

"வட்டி சேர்கிறதே" என்ற தயக்கத்தால் பி.எஃப். வேண்டாம் என்று ஒதுங்குபவர்கள் நம்மில் உண்டு. ஹராமுக்கு அஞ்சும் அந்த உணர்வு மதிக்கத்தக்கது. ஆனால் ஆலிம்கள் இதை விரிவாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். சட்டப்படி கட்டாயமாகப் பிடிக்கப்படும் தொகை தொழிலாளியின் கைக்கு வருவதற்கு முன்பே பிடிக்கப்படுகிறது. அது அவர் கொடுத்த கடன் ஆகாது. ஆகவே அதன் மீது கூட்டித் தரப்படும் தொகை, பெயரளவில் வட்டி எனப்பட்டாலும் ஊதியத்தின் ஒரு பகுதியே என்று தேவ்பந்த் வழி வந்த ஆலிம்கள் பலர் ஃபத்வா அளித்துள்ளனர். கட்டாய அளவுக்கு மேல் தாமாக விரும்பிச் செலுத்தும் தொகைக்கு இந்த விளக்கம் பொருந்தாது, அதைத் தவிர்ப்பதே பேணுதல் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். ஜகாத்தும் பணம் கைக்கு வந்த பிறகே கடமையாகும் என்பது அவர்கள் நிலை.

கூடுதல் தொகை வட்டியே, அதைப் பயன்படுத்தாமல் நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று கூறும் ஆலிம்களும் இருக்கிறார்கள். நீங்கள் பின்பற்றும் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். எந்தக் கருத்தை ஏற்றாலும், நம் ஊதியத்தில் பிடித்த தொகையும் முதலாளி சேர்த்த பங்கும் நம் ஹக்கு என்பதில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. சந்தேகம் வந்த ஒரு பகுதிக்காக முழு உரிமையையும் கைவிட வேண்டியதில்லை.

அடுத்தது நாமினி. நிக்காஹுக்கு முன் தாயின் பெயரைக் கொடுத்தவர்கள் பின்னர் அதைப் புதுப்பிக்காமலேயே விட்டுவிடுகிறார்கள். திருமணம் ஆனதும், குழந்தை பிறந்ததும் நாமினி விவரத்தைத் திருத்த வேண்டும். நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் பொறுப்பாளரே தவிர, மார்க்கப்படி தனி உரிமையாளர் அல்ல. இறந்தவரின் பி.எஃப். சேமிப்பு அவர் விட்டுச்சென்ற சொத்து. கடன், வஸிய்யத் போக மீதியை ஃபராயிள் முறைப்படி வாரிசுகள் அனைவருக்கும் பங்கிட வேண்டும். பெற்றோருக்கும் பெண் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு இருக்கிறது. குடும்பப் பென்ஷன் அப்படியல்ல. அரசு மனைவிக்கென்று நேரடியாகக் கொடுப்பதால் அது அவருக்கே உரியது என்று ஆலிம்கள் பலர் விளக்கியுள்ளனர்.

பணிக்கொடை, போனஸ், விடுமுறை

பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றியவருக்கு, விலகும்போது பணிக்கொடை உண்டு. கடைசியாக வாங்கிய மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். 14,000 ரூபாய் ஊதியத்தில் ஆறு ஆண்டுகள் பணியாற்றியவருக்குச் சுமார் 48,461 ரூபாய் வரும். மரணம், உடல் ஊனம் ஆகிய நிலைகளில் ஐந்தாண்டு நிபந்தனை இல்லை. குறிப்பிட்ட காலத்துக்கென ஒப்பந்தத்தில் சேர்ந்தவர்களுக்குப் புதிய சட்டத் தொகுப்பின்படி ஓராண்டிலேயே இந்த உரிமை வருகிறது. தானாக ராஜினாமா செய்தாலும் பணிக்கொடை உண்டு என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

வளைகுடாவில் இருக்கும் சகோதரர்களுக்கும் இதுபோன்ற உரிமை உண்டு. அமீரகத்தில் ஓராண்டு முடித்தவருக்கு, முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதன்பின் ஆண்டுக்கு 30 நாள் அடிப்படைச் சம்பளமும் பணி முடிவுத் தொகையாகக் கிடைக்கும். சவூதியில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதம், அதன்பின் ஒரு மாதம். அங்கே தானாக ராஜினாமா செய்தால், பணியாற்றிய ஆண்டுகளைப் பொறுத்து இத்தொகை குறையும். கணக்கை முடித்துக்கொண்டு ஊர் திரும்பும் முன் இதைச் சரிபார்க்க வேண்டும்.

போனஸ் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். நம் பகுதியில் இது தீபாவளியை ஒட்டியே கொடுக்கப்படுகிறது. பண்டிகை வேறு என்பதால் முஸ்லிம் தொழிலாளிக்கு இந்த உரிமை இல்லாமல் போவதில்லை.

தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு ஐந்து பண்டிகை நாட்களும் ஊதியத்துடன் கூடிய விடுமுறைகள். அந்த ஐந்தில் இரு பெருநாட்களும் இடம்பெற வேண்டுமானால், ஆண்டுத் தொடக்கத்தில் பட்டியல் தயாராகும்போதே நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். ஜும்ஆவுக்கான நேரத்தையும் வேலையில் சேரும்போதே பேசிக்கொள்வது பின்னால் மனக்கசப்பைத் தவிர்க்கும். கடை ஊழியர்கள் நாள் முழுவதும் நின்றே வேலை செய்யக் கூடாது, உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தம் செய்ததையும் ஜவுளிக் கடைகளில் வேலை செய்யும் நம் சகோதர சகோதரிகள் அறிந்திருக்க வேண்டும்.

சீட்டே இல்லாதவர்களுக்கு

உப்பளத்திலும் குவாரியிலும் தினக்கூலிக்குப் போகிறவரிடம் சம்பளச் சீட்டு பற்றிப் பேசினால் சிரிப்பார். ஆனால் அவருக்கும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. ஒவ்வொரு தொழிலுக்குமான குறைந்தபட்ச ஊதியத்தைத் தமிழ்நாடு அரசு அறிவிக்கிறது. பஞ்சப்படி ஆண்டுதோறும் ஏப்ரலில் மாறுகிறது. மழைக்கால மாதங்களில் வேலையின்றி இருக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் நிவாரணத்தையும் மாநில அரசு வழங்கி வருகிறது. அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களில் பதிவு செய்தால் பிள்ளைகளின் கல்வி, திருமணம், பிரசவம், விபத்து மரணம், முதியோர் ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவி கிடைக்கும். மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் 16 முதல் 59 வயது வரையிலானவர்கள் பதிவு செய்யலாம்.

இவர்கள் செய்ய வேண்டிய எளிய காரியம், ஒரு சிறு நோட்டில் வேலைக்குப் போன நாள், வாங்கிய கூலி, வாங்கிய முன்பணம் ஆகியவற்றை எழுதி வைப்பது. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி சூரா அல்பகரா வலியுறுத்துகிறது. வழக்கு என்று வந்தால் அந்த நோட்டு பெரும் துணையாக நிற்கும்.

நம் கடைகளும் நம் பள்ளிவாசல்களும்

இதுவரை தொழிலாளியின் பக்கம் நின்று பேசினோம். நம்மில் பலர் முதலாளிகளாகவும் இருக்கிறோம். தொழிலாளியின் சம்பளத்தில் பி.எஃப். பிடித்துவிட்டு அதைக் கட்டாமல் வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம். மார்க்கப்படி அமானத் மோசடி. பத்துப் பேரை வேலைக்கு வைத்துக்கொண்டு பதிவேட்டில் எட்டுப் பேரைக் காட்டுவதும் அவ்வாறே. உம்ராவுக்கும் ஸதகாவுக்கும் தாராளமாகச் செலவு செய்கிறவர்கள், அதற்கு முன் தம் கடைப் பையனின் ஹக்கு நிறைவேறிவிட்டதா என்று பார்ப்பது நல்லது.

அடுத்து, ஜமாஅத்தே ஒரு முதலாளிதான். பேஷ் இமாம், மோதினார், மதரஸா உஸ்தாத் ஆகியோருக்கு நாம் கொடுக்கும் சம்பளம் எவ்வளவு? பல ஊர்களில் நியமனக் கடிதம் இல்லை, வார விடுமுறை இல்லை, விலகும்போது கையில் கொடுத்தனுப்பும் தொகையும் இல்லை. இமாம்களின் ஊதியம் குறித்து வக்ஃபு வாரியங்களுக்குப் பொறுப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1993இலேயே தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியம் 2009இல் அமைக்கப்பட்டது. மாவட்டச் சிறுபான்மையினர் நல அலுவலகம் வழியாக இதில் உறுப்பினராகலாம். தம் ஊர்ப் பள்ளிவாசலில் பணியாற்றுவோர் அனைவரும் பதிவு செய்திருக்கிறார்களா என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் பார்க்க வேண்டும். அதோடு, ஆண்டுக்கு 15 நாள் சம்பளத்துக்குச் சமமான தொகையை இமாமின் பெயரில் ஒதுக்கி வைத்தால், அவர் விடைபெறும் நாளில் ஊர் வெறும் ஸலாத்தோடு அனுப்பி வைக்கும் நிலை இருக்காது.

இன்றே செய்ய வேண்டியவை

1. யூ.ஏ.என். எண்ணைக் கேட்டு வாங்கி, உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைப் பாருங்கள். ஒரு மாதப் பிடித்தம் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

2. ஆதார், பி.எஃப்., இ.எஸ்.ஐ. மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். முகம்மது, முஹம்மத், முஹம்மது என்று எழுத்து மாறுவதாலேயே நம்மவர்களின் விண்ணப்பங்கள் தடைபடுகின்றன.

3. நாமினி விவரத்தைப் புதுப்பியுங்கள். குடும்பத்தார் அனைவரின் பெயரையும் இ.எஸ்.ஐ.யில் சேருங்கள்.

4. நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்பது மனைவிக்கும் தெரியட்டும்.

5. குறை இருந்தால் முதலில் முதலாளியிடம் கண்ணியமாகக் கேளுங்கள். தீராவிட்டால் தொழிலாளர் துறையிடமும், பி.எஃப். புகார் தளத்திலும் எழுத்தில் கொடுங்கள். ஊதியச் சட்டத் தொகுப்பின்படி ஊதியப் பாக்கிக்கு மூன்று ஆண்டுகள் வரை கோரிக்கை வைக்கலாம். பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி உண்டு.

உரிமையைக் கேட்பது பேராசை ஆகாது, முதலாளிக்குச் செய்யும் நன்றிகேடும் ஆகாது. கொடுக்க வேண்டியவர் மறுமைக்கு முன் தன் பொறுப்பிலிருந்து விடுபட அது ஒரு வாய்ப்பும்கூட. அடுத்த முறை வீட்டில் "கைக்கு எவ்வளவு வருது?" என்ற பேச்சு எழும்போது, கைக்கு வராமல் இருப்பது எங்கே இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது என்றும் கேட்போம். ஹலாலாக உழைத்து, உரியதை முழுமையாகப் பெறுகிறவர்களாகவும், பிறருக்கு உரியதை முழுமையாகக் கொடுக்கிறவர்களாகவும் அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.